இரண்டு கிலோமீட்டருக்குள்

சாமைக்கொல்லை,
நெல்லிவாசல்நாடு.
14 ஜூலை 2024

அடியே உஸ்மா,

நீ ரம்ஜானுக்குப் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். பாறை மேல் ஏறினால் போனில் சிக்னல் ஒரு கோடு வரும், அதற்குள் குழந்தை அழும், கோடும் போய்விடும். அதனால்தான் இந்தக் காகிதம். உன் சத்தார் மாமு ஜீப்பில் கொடுத்தால் வாணியம்பாடியில் உங்கள் அம்மி கைக்குப் போய்விடும், அவர்கள் உனக்கு டெல்லிக்கு அனுப்பிவிடுவார்கள். தபால்காரரைவிட மாமுவைத்தான் நம்புகிறேன்.

விஷயம் இதுதான். வைகாசியில் குழந்தை கவியாவுக்கு ஜுரம் வந்து வலிப்பும் வந்துவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டு, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தியதில் ஊரே கூடிவிட்டது. தானாக நின்றது. மறுநாள் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். ஜுரத்தோடு சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளர விட்டுவிடும், பெரும்பாலும் பயமில்லை என்றார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்க ஒரு மருந்து கொடுத்தார். "அதுக்கும் நிக்கலைன்னா ஒரு நிமிஷம் கூட வூட்ல வச்சிருக்கக் கூடாதும்மா. ஆமா, உங்க ஊர்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன்தான் "வந்துருவோம் மேடம்" என்றார்.

உனக்கு எங்கள் ஊர் தெரியாது. தார் ரோடு எதிர்மலையில் புளியமரத்தடியோடு நின்றுவிடுகிறது. நாங்கள் இந்த மலையில். நடுவில் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஓடை. இறங்கி, ஓடை தாண்டி, மறுபடி ஏறினால் ரோடு. எனக்குக் குழந்தையோடு ஒன்றரை மணி நேரம். மழைக்காலத்தில் கேட்காதே.

ஊரே கையெழுத்துப் போட்டு, ரோடு வேண்டும், இல்லையென்றால் ஓடைக்கு ஒரு பாலமாவது வேண்டும் என்று மனுக் கொடுத்தோம். பதில் வந்திருக்கிறது. "தங்கள் குடியிருப்பு அனைத்துப் பருவச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளதால் ஏற்கெனவே இணைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது." நிலையான வளர்ச்சி இலக்கு என்று ஏதோ எண் போட்டிருக்கிறார்கள். நீ அந்த இலக்குகளைத்தானேடி அளக்கிறாய்? எங்களை யார் இணைத்தது என்று கொஞ்சம் கேட்டுச் சொல்.

ரேணுகா

---

டெல்லி
2 ஆகஸ்ட் 2024

ரேணு,

கவியாவைப் பற்றிப் படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. அந்த மூக்கு மருந்து எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீரும் தேதியைப் பார்த்துக்கொள். அம்மியிடம் இன்னொன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி நீ கேட்டது. உலகத்தில் எல்லா நாடுகளும் 2030க்குள் எட்டுவதாக ஒத்துக்கொண்ட இலக்குகள் பதினேழு. பசி, பள்ளிக்கூடம், தண்ணீர், வெளிச்சம், ரோடு. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு வருடமும் அளந்து சொல்ல வேண்டும். அளக்காவிட்டால் ஏழைகளை யாருக்கும் ஞாபகமே இருக்காது. நான் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். அதை இன்னும் நம்புகிறேன்.

ரோட்டுக்கு ஓர் அளவு இருக்கிறது. எந்தப் பருவத்திலும் வண்டி ஓடும் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது. இரண்டு கிலோமீட்டர் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிட நடை என்று வைத்துக்கொள்கிறோம். செயற்கைக்கோள் படத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் கோடு போட்டு, உள்ளே விழும் வீடுகளை எண்ணுவோம். உள்ளே இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் சிவப்பு.

உன் ஊரைத் தேடினேன். இருந்தது. சின்னதாக, பச்சையாக. முதல் நொடியில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, ரேணு. அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. கோடு நேராகப் போகிறது. பள்ளத்தைப் பார்க்காது.

அந்தக் கோட்டைப் போட்டது எங்கள் பிரிவுதான். ஆனால் மேலேயிருந்து பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. சந்தேகமான மலைக் குடியிருப்புகளுக்கு ஆள் போய் நேரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊருக்கும் போன வருடம் ஆள் போயிருக்கிறார். "சாலை அருகிலேயே உள்ளது, ஊர்மக்கள் உறுதி செய்தனர்" என்று அறிக்கை இருக்கிறது. யார் அப்படி உறுதி செய்தது?

உன் உஸ்மா

---

சாமைக்கொல்லை
25 ஆகஸ்ட் 2024

உஸ்மா,

யார் என்றா கேட்கிறாய்? என் மாமியார் செல்லியம்மாள்.

அன்றைக்கு நான் வாசலில் கவியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிர்மலையில் புளியமரத்தடியில் மாமுவின் ஜீப் நின்றது. தொப்பி போட்ட ஒருத்தர் இறங்கி, பள்ளத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். அப்புறம் அங்கிருந்தே கையைக் குவித்துக் கூப்பிட்டார். இங்கே குரல் நன்றாகக் கேட்கும். நாங்கள் மாமுவிடம் உப்பு, சோப்பு எல்லாம் இப்படிக் கத்தித்தான் சொல்லிவிடுவோம்.

"ஏம்மா... உங்க ஊரு ரோட்லேர்ந்து தூரமா?"

அத்தை விளிம்புக்குப் போய்ச் சிரித்த முகமாகக் கத்தினாள். "இன்னா தூரம் சார்... தோ, கிட்டதான்! வாங்க, கூழ் குடிச்சிட்டுப் போலாம்!"

"கிட்டதானா?"

"கிட்டதான் சார்! தோ பேசினுகிறமே!"

"அந்தப் பெரிம்மா பேச்ச நம்பி எறங்கிடாதீங்க சார், சாயங்காலம் ஆவும்" என்று மாமு சொல்லியிருக்கிறார். தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

உனக்கு இது புரியாது. எங்கள் மலையில், வருகிறவர்களிடம் வீடு தூரம் என்று சொல்லமாட்டார்கள். தூரம் என்று சொன்னால் வராதே என்று அர்த்தம். பெண் பார்க்க வருகிறவர்களோ, சாவுக்கு வருகிறவர்களோ, யார் கேட்டாலும் "தோ, கிட்டதான்" என்றுதான் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த அன்று என் அப்பாவிடமும் இதைத்தான் சொன்னார்கள். பாவம், அவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை மரியாதைதான் செய்தாள். அந்த மரியாதையை நீங்கள் பச்சையாக்கிவிட்டீர்கள்.

புள்ளியியல் பரீட்சைக்கு முந்தின நாள், சராசரி என்றால் என்ன என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நேர்க்கோட்டுத் தூரம் வேறு, நடை தூரம் வேறு என்பதற்கு டெல்லிக்குப் போக வேண்டுமா? கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். மாமு ஆரன் அடிக்கிறார், இறங்குகிற ஆளிடம் இதைக் கொடுத்தாக வேண்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஐப்பசி மழைக்குள் அந்தப் பச்சையைச் சிவப்பாக்கு. சிவப்பாக இருந்தால்தான் பாலம் பற்றிப் பேசவாவது முடியும் என்று மனுக் கொடுத்த ஆபீஸில் ஒரு கிளார்க் சொன்னார். கவியாவுக்கு நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ரேணுகா

---

டெல்லி
30 செப்டம்பர் 2024

ரேணு,

எழுதாமல் தள்ளிப்போட்டேன். நல்ல பதிலோடு எழுதலாம் என்று இருந்தேன்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரவைத்துப் பேசினார். களத்துக்குப் போனவர் எழுதியதை டெல்லியில் இருக்கிற நான் தோழி சொன்னாள் என்று மாற்ற முடியாது. மறுபடி ஆள் அனுப்பலாம்தான். அது அடுத்த சுற்றில், இரண்டு வருடம் கழித்து. நடை தூரத்தை வைத்து அளக்கலாமே என்றேன். அளக்கலாம், ஆனால் அப்போது எல்லா நாட்டுக்கும் எல்லா மலைக்கும் அப்படியே அளக்க வேண்டும், பழைய எண்களோடு ஒப்பிடவே முடியாது என்றார். "முறையை மாத்தினா முன்னேறினோமா இல்லையான்னே தெரியாதும்மா." அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த அறையில் யாருமே தப்பாகப் பேசவில்லை.

அப்புறம் கேட்டார், "எத்தனை வீடு?" சொன்னேன். கணினியில் உங்கள் ஊரை நானே சிவப்பாக்கிப் பார்த்தேன். மாவட்டத்தின் எண் அசையவில்லை. மறுபடி பச்சையாக்கிவிட்டு மூடினேன்.

நீங்கள் மனுக் கொடுத்த ஆபீஸுக்கும் தனியாக எழுதினேன். பதில் இல்லை.

என்னால் முடிகிற ஒன்று சொல்கிறேன். மழை முடிகிற வரைக்கும் கவியாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது. அம்மியிடம் பேசிவிட்டேன். "இதுக்கு கேக்கணுமா? ரேணு என்ன அசலா?" என்றார்கள். வருவாயா?

உஸ்மா

---

சாமைக்கொல்லை
13 அக்டோபர் 2024

உஸ்மா,

பத்ரு அம்மியிடம் என் சலாம் சொல். வர முடியாது.

உன் கடிதத்தை வெற்றியிடம் படித்துக் காட்டினேன். சாமைக் கதிர் முற்றி நிற்கிறது, அறுப்புக்கு ஆள் இல்லை. அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம், "வாணிம்பாடி போய்ட்டு அங்கயே இருந்துரு. ஊர்ல ஒருத்தரா எறங்கிப் போய்னே இருந்தா அப்புறம் யாருக்குடி ரோடு கேக்கறது?" என்றார். அவர்தான் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். அவர் பெண்டாட்டி பிள்ளையே கீழே போய்விட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்? நானும் யோசித்துப் பார்த்தேன். அறுப்பு முடியட்டும்.

கவியா இப்போது ஓடுகிறாள். ஜீப் சத்தம் கேட்டால் விளிம்பு வேலிக்குப் போய் இரண்டு கையையும் வாயில் குவித்து "ஊ..." என்கிறாள். மாமு அங்கிருந்து "இன்னாடி வோணும்?" என்பார். "மித்தா!" மிட்டாய்தான். அடுத்த நடையில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார்.

நீ முயற்சி செய்ததற்குக் கோபமில்லை. முயற்சி செய்தும் நடக்காததற்கு யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

ரேணுகா

---

டெல்லி
22 நவம்பர் 2024

ரேணு,

அம்மி போனில் அழுதார்கள். சத்தார் மாமு பேசவே மாட்டேன் என்கிறார். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், கவியா கண் திறந்துவிட்டாள் என்பது வரைக்கும் தெரியும். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அம்மி கொண்டுவந்து தருவார்கள். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உஸ்மா

---

வேலூர்
4 டிசம்பர் 2024

உஸ்மா,

எழுதுகிறேன். போனில் சொல்லியிருந்தால் பாதியில் அழுதிருப்பேன்.

அன்று இரண்டு நாளாக மழை. காலையிலிருந்தே குழந்தைக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்து, துணி நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வலிப்பு வந்தது. மூக்கில் மருந்து அடித்தேன். நிற்கவில்லை. அடிக்கச் சொன்ன அளவு அடித்துவிட்டேன். நிற்கவில்லை.

வெற்றி விளிம்புக்கு ஓடிக் கூப்பிட்டார். உன் மாமு அங்கே இருந்தார், உஸ்மா. புளியமரத்தடியில், ஜீப்போடு. மழையில் போவதா வேண்டாமா என்று நின்றிருந்தாராம். அன்று அவர் இருந்தது கடவுள் புண்ணியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். "வாங்க, வாங்க, வண்டி ரெடி!" என்று கத்தியது எங்கள் வாசலில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டார்.

கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். எதிரில் ஜீப் தெரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஓடையில் வழக்கமான இடத்தில் கால் வைக்க முடியவில்லை, செம்மண் தண்ணீர் இடுப்புக்கு மேல் போனது. குறுகலான இடம் தேடி மேலே மேலே போனோம். கடைசியில் கடந்து ஏறிய இடத்துக்கு நேர் மேலேதான், ரோடு புளியமரத்துக்கு வருவதற்கு முன் திரும்புகிற மேல் வளைவு. ஜீப் அங்கே வந்திருந்தால் கொஞ்சம் ஏறினால் போதும். ஆனால் ஜீப் புளியமரத்தடியில் நின்றது. நாங்கள் புதருக்குள் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கத்தியது ஓடை இரைச்சலில் கேட்கவில்லை.

அவர் சும்மா நிற்கவில்லை. மேல் வளைவுக்கு வண்டியைச் சுற்றிக் கொண்டுபோகலாமா என்று எங்கள் வாசலைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "பெரிம்மா! எங்க வர்றாங்க? எவ்ளோ தூரம்?"

விளிம்பில் அத்தை நின்றிருந்தாள். அவள் கண்ணுக்கும் நாங்கள் தெரியவில்லை. "தோ, கிட்ட வந்துட்டாங்க! இருப்பா சத்தாரு, போய்டாத! தோ, கிட்டதான்!"

அவர் நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்து ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். அது எங்களுக்குத் தைரியம் சொல்கிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "உங்களுக்காக அடிக்கலம்மா. சும்மா நிக்க முடியல, அதான்." நாங்கள் ரோட்டுக்கு ஏறி, அதன் வழியே திரும்பப் புளியமரத்தடிக்கு நடந்து வந்தபோது குழந்தைக்கு இழுப்பு தானாக அடங்கியிருந்தது. சிவந்த உதடு கறுத்திருந்தது.

உயிர் இருக்கிறது. என்னைத் தெரிகிறது, பால் குடிக்கிறாள். வலது கை எழும்பவில்லை, வலது காலை இழுக்கிறாள். ரொம்ப நேரம் நீடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. பயிற்சி கொடுக்கக் கொடுக்கத் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அவர் என் தோளைப் பிடித்து, "அத கேக்காதம்மா" என்றார்.

அத்தைக்கு மேல் வளைவு விஷயம் தெரியாது. நானும் வெற்றியும் சொல்லவில்லை, மாமுவும் சொல்லமாட்டார். நீயும் எங்கும் எழுதாதே. அவள் தினமும் கோயிலில், ஜீப்பைப் போகவிடாமல் பிடித்து நிறுத்திய புண்ணியத்தால் பேத்தி பிழைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

ரேணுகா

---

டெல்லி
9 ஜனவரி 2025

ரேணு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. எழுத ஆரம்பித்து நிறுத்திக்கொண்டே இருந்தேன்.

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். இந்த வருட அறிக்கை முடிந்துவிட்டது. சாலை அளவில் முன்னேற்றம். கூட்டத்தில் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எங்கேயோ நிஜமாகவே ரோடு போட்டிருக்கிறார்கள், ரேணு. எங்கேயோ ஒரு குழந்தை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதையும் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உன் கடிதத்தை மேலதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நீ கேட்டபடி, அத்தை பேசியதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். அடுத்த சுற்றில் மறுவிசாரணைப் பட்டியலில் உங்கள் ஊரை முதலில் போட்டார். அடுத்த சுற்று 2026இல்.

பின்கட்டு அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இனி கேட்கமாட்டேன். மாமுவின் ஜீப் வந்து நின்றால் ஏறிவிடு.

உஸ்மா

---

வாணியம்பாடி
2 மார்ச் 2025

உஸ்மா,

உன் வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன், பார்.

வந்து ஒரு மாதமாகிறது. கவியாவுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மேலேயிருந்து ஆகிற காரியமா? இந்த முறை வெற்றியே மூட்டையைக் கட்டிக் கொடுத்தார். மனுவைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. எங்களைத் தவிர இன்னும் இரண்டு குடும்பம் இறங்கிவிட்டது. கைக்குழந்தை உள்ள வீடுகள்.

அம்மி என்னைச் சமையற்கட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். கவியாவின் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே உருதுவில் ஏதோ பேசுகிறார்கள், அவள் தமிழில் பதில் சொல்கிறாள். விரல் லேசாக மடங்குகிறது. தோள் எழவில்லை. உன் தம்பி ஃபுர்கான் அவளை "லெஃப்டி" என்று கூப்பிட்டு அம்மியிடம் உதை வாங்கினான். அவளுக்கு அந்தப் பேர் பிடித்திருக்கிறது.

போன வாரம் கையில் பலகை மாதிரி ஒரு கருவியோடு ஒரு பெண் வந்தாள். வீட்டில் எத்தனை பேர், குழாய் உண்டா, கக்கூஸ் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "ரோடு எவ்ளோ தூரம்க்கா?" அவள் நின்றதே ரோட்டில்தான். "நீ நிக்கறியே, அதான்" என்றேன். சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டாள்.

அதனால் நான் இப்போது நிஜமாகவே பச்சை, உஸ்மா. கவியாவும். உங்கள் கோட்டை மாற்ற வேண்டியதே இல்லை. நாங்கள் கோட்டுக்குள் நடந்து வந்துவிட்டோம். ஊர் முழுக்க இப்படி இறங்கிவிட்டால், 2026இல் வருகிறவர் யாரை விசாரிப்பார்?

நேற்று அத்தை வந்திருந்தாள். மலையை விட்டு இறங்கியே பல வருடமாகிறதாம். மடியில் புளியும் சாமையும் கட்டிக்கொண்டு வந்தாள். அம்மி போட்ட பிரியாணியை, "இன்னா இவ்ளோ கவிச்சி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கவியாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் விழுந்தது. மறுபடி தூக்கவில்லை.

சாயங்காலம் மாமு ஜீப்போடு வந்தார். அத்தை ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வூடு வெறிச்சோன்னு கீது. நீயும் புள்ளயும் எப்பம்மா வருவீங்க? ரொம்ப நாள் ஆவுமா?"

மாமு முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்குத் தெரியும், உஸ்மா. பாலம் இல்லாமல் நான் ஏறமாட்டேன். பாலம் வராது. அந்தக் கையோடு இவள் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறவும் முடியாது.

"இன்னா நாளு அத்த," என்றேன். "தோ, கிட்டதான்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. ஜீப் திரும்பியது. கவியா வாசலில் நின்று இடது கையை மட்டும் வாயருகே வைத்து "ஊ..." என்று கூப்பிட்டாள். பஜார் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

ரேணுகா